ரத்த வாந்தி, கருப்பு மலம்: இறப்பு அபாயத்தைக் கணிக்க எந்த ஸ்கோர்?

இரவுப்பணி கேட்டது:

வணக்கம். மாவட்ட அளவிலான ஓர் அரசு மருத்துவமனையின் காஷுவாலிட்டியில் ஒட்ட ஒரு பக்க அட்டை தயாரிக்கிறோம். ரத்த வாந்தியோ கருப்பு மலமோ என்று வருகிறவர்களுக்கானது. எண்டோஸ்கோபி பகலில் மட்டும்தான். ராத்திரி வருகிறவரை இங்கேயே வைத்துக்கொள்வதா, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதா என்பதை டியூட்டி டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்த வங்கி இருக்கிறது. லேபில் ராத்திரியில் ஹீமோகுளோபின், யூரியா, கிரியேட்டினின் வந்துவிடும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) பெரும்பாலும் கிடைக்கும். அல்புமின் (ஈரல் உண்டாக்கும் ரத்தப் புரதம்) மட்டும் காலையில்தான்.

இப்போதைய அட்டையில் கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு ஸ்கோர் மட்டும் இருக்கிறது. 12-ஐத் தாண்டினால் "இறப்பு அபாயம் மிக அதிகம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதி, உறவினரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். இது சரியா? எய்ம்ஸ்65, ராக்கால், ஏபிசி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைப்பது?

கூடவே இன்னொன்று. இதே நோயாளிகளை வைத்து ஒரு பிஜி மாணவர் தீசிஸ் செய்ய நினைக்கிறார். ஒரு வருடத்தில் 200 பேர் போல வருவார்கள். மூன்று ஸ்கோரையும் ஒப்பிட்டு "எது சிறந்தது" என்று சொல்ல முடியுமா?

---

குடல்நோய்ப்பிரிவு எழுதியது:

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சரியில்லை. பிளாட்ச்ஃபோர்டு 12 என்பதை வைத்து இறப்பு அபாயம் எழுதக் கூடாது. அந்த ஸ்கோர் அதற்காக உருவானதல்ல. 2000-இல் அது வெளிவந்தபோது கேட்ட கேள்வி, "இவருக்கு ரத்தம், எண்டோஸ்கோபி சிகிச்சை, அறுவை இவற்றில் ஏதாவது தேவைப்படுமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல விடை இன்றும் இல்லை. இறப்பு என்பது வேறு கேள்வி.

இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக அமைத்தவர்கள்தான், ஆனால் எந்த வார்டிலும் இருக்கக்கூடியவர்கள்.

முதலாமவர் 28 வயது, வலி மாத்திரையால் வந்த அல்சர். கருப்பு மலம், பல்ஸ் 118, பிபி 88/60, ஹீமோகுளோபின் 6.8, யூரியா 54 மி.கி., கிரியேட்டினின் 0.9, அல்புமின் 4, ஐஎன்ஆர் 1, தெளிவாகப் பேசுகிறார், வேறு நோய் எதுவும் கிடையாது. பிளாட்ச்ஃபோர்டு: யூரியாவுக்கு 3, ஹீமோகுளோபினுக்கு 6, பிபிக்கு 3, பல்ஸுக்கு 1, மெலீனாவுக்கு (கருப்பு மலம்) 1. மொத்தம் 14.

இரண்டாமவர் 72 வயது ஆண், முன்பே ஹார்ட் அட்டாக் வந்தவர், ஹார்ட் ஃபெயிலியர் இல்லை. கருப்பு மலம், பல்ஸ் 104, பிபி 104/70, ஹீமோகுளோபின் 9.2, யூரியா 66, கிரியேட்டினின் 1.4, அல்புமின் 2.8, ஐஎன்ஆர் 1.1. பிளாட்ச்ஃபோர்டு, அதே வரிசையில்: 4, 6, 1, 1, 1. மொத்தம் 13.

உங்கள் அட்டைப்படி இரண்டு பேரும் ஒரே பெட்டியில் விழுகிறார்கள். எய்ம்ஸ்65 போட்டுப் பாருங்கள். அதில் ஐந்தே அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1: அல்புமின் 3-க்குக் கீழ், ஐஎன்ஆர் 1.5-க்கு மேல், நினைவு மாற்றம், சிஸ்டாலிக் பிபி 90 அல்லது அதற்குக் கீழ், வயது 65 அல்லது அதற்கு மேல். இளைஞருக்கு பிபிக்கான 1 மட்டும். பெரியவருக்கு அல்புமினும் வயதும் சேர்ந்து 2. 2011-இல் இந்த ஸ்கோரை அமெரிக்க மருத்துவமனைகளின் தரவில் சரிபார்த்தபோது மருத்துவமனையிலேயே நிகழ்ந்த இறப்பு, 0-க்கு 0.3%, 1-க்கு 1.2%, 2-க்கு 5.3%, 3-க்கு 10.3%, 4-க்கு 16.5%, 5-க்கு 24.5%. அதாவது பிளாட்ச்ஃபோர்டில் ஒரு புள்ளி அதிகம் வாங்கிய இளைஞரைவிட, குறைவாக வாங்கிய பெரியவர் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல்.

ஏன் இப்படி? அல்சர் ரத்தப்போக்கோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் ரத்தம் கொட்டிச் சாவதில்லை. ஹாங்காங்கில் 10,000-க்கும் மேற்பட்ட அல்சர் ரத்தப்போக்கு நிகழ்வுகளைத் தொடர்ந்து பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தவர்களில் சுமார் 80% பேருக்குக் காரணம் ரத்தப்போக்கே அல்ல: பல உறுப்புகள் செயலிழப்பு, நுரையீரல் சிக்கல், முற்றிய புற்றுநோய் போன்றவை. ரத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த அதிர்ச்சியைத் தாங்க இதயத்திலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் மிச்சம் இல்லை. அதனால் இறப்பைக் கணிக்கும் ஸ்கோர் அளப்பது எவ்வளவு ரத்தம் போனது என்பதை அல்ல, அதைத் தாங்கும் உடம்பை. அல்புமின் அவ்வளவு எடை பெறுவது இதனால்தான். அது ஈரல், ஊட்டம், நாள்பட்ட அழற்சி மூன்றையும் ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது.

2017-இல் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியா, ஓசியானியா என ஆறு மையங்களில் 3012 பேரை வைத்து ஐந்து ஸ்கோர்களை ஒப்பிட்டார்கள். சிகிச்சை அல்லது இறப்பு என்ற கூட்டு முடிவுக்கு பிளாட்ச்ஃபோர்டின் ஏயூசி (பிரித்துக் காட்டும் திறன்; 0.5 என்றால் நாணயம் சுண்டுவது போல, 1 என்றால் முழுத் துல்லியம்) 0.86, மற்ற எல்லாவற்றையும்விட மேல். இறப்பு மட்டும் என்றால் அதே பிளாட்ச்ஃபோர்டு 0.64-க்கு இறங்கிவிடுகிறது. எய்ம்ஸ்65-க்கும் இத்தாலியர்களின் பிஎன்இடி ஸ்கோருக்கும் 0.77, எண்டோஸ்கோபிக்கு முந்தைய ராக்காலுக்கு 0.72. ஒன்று சொல்ல வேண்டும்: பிஎன்இடியில் மறுபடி ரத்தம் வந்ததா, எண்டோஸ்கோபி சிகிச்சை தோற்றதா என்பதெல்லாம் சேரும். வாசலில் நிற்கும் நோயாளிக்கு அதைப் போடவே முடியாது.

ஆனால் இளைஞருக்கு எய்ம்ஸ்65 1 தான் என்று அவரை விடியும்வரை உங்களிடமே வைத்துக்கொண்டால் அது பெரிய தவறு. அந்த 1.2% என்பது ரத்தமும் எண்டோஸ்கோபியும் தீவிர சிகிச்சையும் கிடைத்த நோயாளிகளின் எண். சிகிச்சை கிடைத்ததால்தான் அது 1.2%. எண்டோஸ்கோபி இல்லாத இடத்தில் அந்த எண்ணுக்குப் பொருளே வேறு. எனவே யாரை அனுப்புவது என்பதற்கு பிளாட்ச்ஃபோர்டும் ஷாக் இருக்கிறதா என்பதும். போய்ச் சேரும் இடத்தில் வார்டா ஐசியூவா, உறவினரிடம் எவ்வளவு கவலையோடு பேச வேண்டும் என்பதற்கு எய்ம்ஸ்65 அல்லது ஏபிசி. இரண்டையும் அட்டையில் வையுங்கள், தனித்தனிக் கட்டங்களில்.

வீட்டுக்கு அனுப்புவதற்கும் பிளாட்ச்ஃபோர்டுதான்: 0 அல்லது 1. அந்த 2017 ஆய்வில் இந்த வரம்பின் சென்சிட்டிவிட்டி (சிகிச்சை தேவைப்பட்டவர், இறந்தவர் ஆகியோரைத் தவறவிடாமல் பிடிக்கும் விகிதம்) 98.6%. எய்ம்ஸ்65 0 என்பதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். 40 வயது, ஹீமோகுளோபின் 6, பிபி 100 என்றாலும் அதில் 0 தான் வரும்.

---

லேப்வாசல் எழுதியது:

அட்டை அச்சுக்குப் போகும் முன் அளவைகளைப் பாருங்கள். இந்த ஸ்கோர் தப்பாக வருவதற்கு முதல் காரணம் யூரியா.

பிளாட்ச்ஃபோர்டு மூலத்தில் யூரியா மில்லிமோல் கணக்கில் இருக்கிறது. நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் "பிளட் யூரியா" என்று மி.கி./டெசிலிட்டரில் தருகின்றன. அமெரிக்கக் கால்குலேட்டர்களும் மொபைல் ஆப்களும் கேட்பது பியூஎன், அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும். அதுவும் மி.கி./டெசிலிட்டர்தான் என்பதால் கண் ஏமாந்துவிடும். யூரியாவை 6-ஆல் வகுத்தால் மில்லிமோல். பியூஎன்-ஐ 0.357-ஆல் பெருக்கினால் மில்லிமோல். யூரியா என்பது பியூஎன்-ஐப் போல 2.14 மடங்கு.

யூரியா 30 மி.கி. என்றால் 5 மில்லிமோல், புள்ளி 0. அதையே பியூஎன் கட்டத்தில் 30 என்று போட்டால் 10.7 ஆகி 4 புள்ளி ஏறிவிடும். இது வீண் அட்மிஷன், அவ்வளவுதான். தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. தனியார் லேப் ஒன்று பியூஎன் 25 என்று கொடுக்கிறது, அதாவது 8.9 மில்லிமோல், 3 புள்ளி. அதை யூரியா என்று நினைத்து 6-ஆல் வகுத்தால் 4.2, புள்ளி 0. ரத்தப்போக்கு நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார்.

அட்டையில் மில்லிமோல் வேண்டவே வேண்டாம். மி.கி. யூரியாவிலேயே எழுதிவிடுங்கள்: 39 முதல் 47 வரை 2, 48 முதல் 59 வரை 3, 60 முதல் 149 வரை 4, 150 அல்லது மேல் 6. பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "பியூஎன் அல்ல" என்று போடுங்கள்.

ஹீமோகுளோபினில் ஆண் பெண் வரம்பு வேறு. ஆணுக்கு 12 முதல் 12.9 வரை 1, 10 முதல் 11.9 வரை 3. பெண்ணுக்கு 10 முதல் 11.9 வரை 1 மட்டும். 10-க்குக் கீழ் இருவருக்கும் 6. சிஸ்டாலிக் பிபி 100 முதல் 109 வரை 1, 90 முதல் 99 வரை 2, 90-க்குக் கீழ் 3. பல்ஸ் 100 அல்லது மேல் 1, மெலீனா 1, மயங்கி விழுந்திருந்தால் 2, ஈரல் நோய் 2, ஹார்ட் ஃபெயிலியர் 2. மொத்தம் 23 வரை போகும்.

டயாலிசிஸ் நோயாளிக்கு யூரியா எப்போதுமே ஏறித்தான் இருக்கும், ஹீமோகுளோபினும் இறங்கித்தான் இருக்கும். எதுவும் நடக்காத நாளிலேயே 10 புள்ளி வந்துவிடும். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அல்புமின் விஷயம்: காலையில்தான் ரிசல்ட் என்றாலும் சாம்பிளை ராத்திரியே, முதல் ஊசியிலேயே எடுத்துவிடுங்கள். சீரத்தைப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் காலைவரை கெடாது. இரண்டு மூன்று லிட்டர் சலைன் ஓடிய பிறகு எடுத்த அல்புமின் நீர்த்துப்போய், 3.3 இருந்தவருக்கு 2.7 காட்டும். ஹீமோகுளோபின் இதற்கு நேரெதிர். முதல் சாம்பிள் ஏமாற்றும், ஏனென்றால் ரத்தம் போன வேகத்துக்குத் திரவம் உள்ளே வந்து நீர்க்கவில்லை. 11 என்று வந்தவர் ஆறு மணி நேரத்தில் 7.5 ஆவது சாதாரணம்.

அல்புமின் வராவிட்டால் "0" என்று போடாதீர்கள், "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

---

இரவுப்பணி:

மிக்க நன்றி. அப்படியானால் ராத்திரி அல்புமின் இல்லாமல் இறப்பு அபாயத்தைச் சொல்ல வழியே இல்லையா? இன்னொன்று, எங்களிடம் வருகிறவர்களில் கணிசமானோர் குடிப்பழக்கத்தால் ஈரல் சுருங்கியவர்கள். அவர்களுக்கும் இதே அட்டையா?

---

குடல்நோய்ப்பிரிவு:

வழி உண்டு. எண்டோஸ்கோபிக்கு முந்தைய ராக்காலுக்கு லேபே தேவையில்லை. வயது 60-க்குக் கீழ் 0, 60 முதல் 79 வரை 1, 80 முதல் 2. பல்ஸ் 100-ஐத் தொட்டு பிபி 100-க்குக் குறையாமல் இருந்தால் 1, பிபி 100-க்குக் கீழ் போனால் 2. கூட உள்ள நோய்: ஹார்ட் ஃபெயிலியர், இதய ரத்தக்குழாய் அடைப்பு அல்லது வேறு பெரிய நோய்க்கு 2, சிறுநீரகச் செயலிழப்பு, ஈரல் செயலிழப்பு, பரவிய புற்றுநோய்க்கு 3. மொத்தம் 7. 4 அல்லது அதற்கு மேல் என்றால் கவலைக்குரியவர். மேலே சொன்ன 72 வயதுக்காரருக்குச் சரியாக 4 வருகிறது, 28 வயதுக்காரருக்கு 2. 1990-களின் பிரிட்டன் தரவில் பிறந்தது என்பதால் அதன் சதவீதங்களை அப்படியே எடுக்க வேண்டாம். அன்று 14% இறந்தார்கள், இன்று அவ்வளவு இல்லை. வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள். எண்டோஸ்கோபி முடிந்ததும் நோயும் காயத்தின் தோற்றமும் சேர்த்து 11-க்கு முழு ராக்கால் போடலாம்.

காலையில் அல்புமின் வந்ததும் எய்ம்ஸ்65 அல்லது ஏபிசி. எனக்கு ஏபிசி பிடிக்கும், ஏனென்றால் கூட உள்ள நோய்களை அது உண்மையிலேயே எண்ணுகிறது. 2021-இல் வந்தது, 30 நாள் இறப்பைக் கணிக்கிறது, கீழ்க்குடல் ரத்தப்போக்குக்கும் பொருந்தும். வயது 60 முதல் 74 வரை 1, 75 முதல் 2. யூரியா 10 மில்லிமோலுக்கு மேல், அதாவது 60 மி.கி.க்கு மேல், 1. அல்புமின் 3-க்குக் கீழ் 2. கிரியேட்டினின் சுமார் 1.1 முதல் 1.7 வரை 1, அதற்கு மேல் 2. நினைவு மாற்றம் 2, சிரோசிஸ் (ஈரல் சுருக்கம்) 2, பரவிய புற்றுநோய் 4. மயக்கவியல் மருத்துவர்கள் போடும் ஏஎஸ்ஏ தரம் 3 என்றால் 1, 4 அல்லது மேல் என்றால் 3. கூட்டினால் 3 வரை குறைந்த அபாயம், இறப்பு 1% போல. 4 முதல் 7 வரை நடுத்தரம், 7% போல. 8 அல்லது அதற்கு மேல் என்றால் 25% போல. நம் பெரியவருக்கு வயது 1, யூரியா 1, அல்புமின் 2, கிரியேட்டினின் 1, ஏஎஸ்ஏ 3-க்கு 1, ஆக 6. இளைஞருக்கு 0.

நினைவு மாற்றத்தை மயக்க மருந்து கொடுக்கும் முன்பே குறியுங்கள். குடித்துவிட்டு வந்தவர் மந்தமாக இருந்தால் அது போதையா, ஈரல் மயக்கமா, ரத்த ஓட்டம் குறைந்ததா என்று வந்தவுடன் பிரிக்க முடியாது. சந்தேகத்தில் "நினைவு மாற்றம் உண்டு" என்றே புள்ளி போட்டுவிட்டு, நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஐஎன்ஆர் ஏறியிருப்பது ஈரல் கெட்டதைக் காட்டாது, எய்ம்ஸ்65 அந்த வேறுபாட்டை அறியாது. புதிய ரத்த மெலிப்பு மருந்து எடுப்பவருக்கோ ஐஎன்ஆர் 1.1 என்று சாதாரணமாக இருக்கலாம், அதனால் ரத்தம் உறைகிறது என்று பொருளில்லை. பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் பல்ஸ் 82-ஐ நம்பாதீர்கள், கையைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் அளவைப் பாருங்கள்.

ஈரல் சுருங்கியவர்களுக்கு அடுத்து வருகிறவர் எழுதட்டும், அவர் துறை அது.

---

ஈரல்வார்டு எழுதியது:

சிரோசிஸ் உள்ளவருக்குத் தனிப் பக்கம் போடுங்க. எய்ம்ஸ்65 இவங்க கிட்ட பிரிச்சுக் காட்டாது. அல்புமின் குறைவு, ஐஎன்ஆர் ஏற்றம் ரெண்டும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். எல்லாரும் 2, 3-ல கூட்டமா நிப்பாங்க. இங்க சாவைத் தீர்மானிக்கிறது ஈரல்ல மிச்சம் என்ன இருக்குங்கிறதுதான், அதை சைல்டு-பியூ, மெல்டுங்கிற ரெண்டு ஈரல் ஸ்கோரும் சொல்லும்.

வேரிசஸ் (ஈரல் சுருக்கத்தால உணவுக்குழாய்ல புடைச்சு நிக்கிற ரத்தக்குழாய்) ரத்தப்போக்குக்கு அளவுகோல் 30 நாள் இல்ல, 6 வாரம். 42-ம் நாள் உயிரோட இருக்காரா? மெல்டு 11-க்குக் கீழ இருந்தா 6 வார இறப்பு 5%-க்குக் கீழ, 19-ஐத் தொட்டா 20% அல்லது மேல. மெல்டுக்கு பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர் போதும், அல்புமினுக்காகக் காத்திருக்க வேண்டாம். இது உங்களுக்கு ராத்திரியில பெரிய வசதி, பிலிருபின் மட்டும் ஏற்பாடு பண்ணிக்கோங்க.

சைல்டு-பியூல புள்ளி 10 முதல் 13 வரை உள்ள சி வகுப்பு, இல்ல 7-க்கு மேல உள்ள பி வகுப்புல எண்டோஸ்கோபி நேரத்துலயே ரத்தம் ஓடிக்கிட்டிருந்தா, 72 மணி நேரத்துக்குள்ள டிப்ஸ் (ஈரலுக்குள்ள ரத்தத்துக்கு மாற்றுவழி போடுற ஸ்டென்ட்) வைக்கிறதைப் பேசணும், முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள. பேண்டிங் (வேரிசஸை ரப்பர் வளையத்தால கட்டுறது) போட்டு ரத்தம் நின்னாலும் பேசணும். அது கிடைக்கிற மையம் எதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. அட்டையில அந்த போன் நம்பர் இருந்தா ஸ்கோரைவிட உதவும்.

ஸ்கோர் கூட்டுற நேரத்துல மருந்து நிக்கக் கூடாது. சிரோசிஸ்னு சந்தேகம் வந்த நிமிஷமே டெர்லிப்ரெசின் 2 மி.கி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்ல ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் போட்டுட்டு மணிக்கு 50. இதய ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறவருக்கு டெர்லிப்ரெசின் வேண்டாம், ஆக்ட்ரியோடைடு போங்க. டெர்லிப்ரெசின் ஓடும்போது ஆக்சிஜன் அளவையும் சோடியத்தையும் பாருங்க. செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் தினமும். ஆன்டிபயாட்டிக் இவங்களுக்கு உயிர் காக்கிற மருந்து, கூடுதல் அலங்காரம் இல்ல. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ போனா ரத்தம் ஏத்துங்க, 7, 8-ல நிறுத்துங்க. அதுக்கு மேல ஏத்தினா போர்ட்டல் அழுத்தம் (ஈரலுக்குப் போற சிரையோட அழுத்தம்) கூடி மறுபடி உடையும். எண்டோஸ்கோபி 12 மணி நேரத்துக்குள்ள.

---

எண்ணாய்வு எழுதியது:

தீசிஸ் பற்றி. 200 பேர், இறப்பு 6% என்று வைத்தால் 12 சாவுகள். 12 சாவை வைத்து மூன்று ஸ்கோரின் ஏயூசியை ஒப்பிட்டு "இதுதான் சிறந்தது" என்று எழுத முடியாது. நம்பக வரம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். வெளிச் சரிபார்ப்புக்குக் குறைந்தது 100 நிகழ்வுகள் வேண்டும் என்பது பொதுவான அளவு. 6% கணக்கில் அது கிட்டத்தட்ட 1,700 நோயாளிகள். பல மருத்துவமனைகள் சேர்ந்தால்தான் நடக்கும்.

இன்னும் தெளிவாகச் சொன்னால்: 12 பேர் இறந்தார்கள், 12 பேருக்கும் எய்ம்ஸ்65 2-க்கு மேல் இருந்தது, எனவே சென்சிட்டிவிட்டி 100% என்று எழுதுவார்கள். 12-க்கு 12 என்பதன் 95% நம்பக வரம்பின் கீழ் முனை சுமார் 74%. அதாவது நான்கில் ஒரு சாவைத் தவறவிடும் ஸ்கோராகவும் அது இருக்கலாம். அந்தக் கீழ் முனையை அட்டவணையில் போடாத தீசிஸை நம்ப வேண்டாம்.

ஏயூசி மட்டும் போதாது. ஏயூசி சொல்வது வரிசை: இறந்தவருக்கு, பிழைத்தவரைவிட அதிகப் புள்ளி கிடைத்ததா? உறவினரிடம் "5%" என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் அந்த 5% உங்கள் ஊரில் 5% தானா என்று தெரிய வேண்டும். கணித்த இறப்பையும் உண்மையில் நடந்ததையும் புள்ளிவாரியாகப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வரிசை சரியாக இருந்து சதவீதம் முழுக்கத் தவறாக இருப்பது சகஜம். அமெரிக்காவில் 2 புள்ளிக்கு 5.3% என்றால், தாமதமாக வந்து, எண்டோஸ்கோபிக்காக 80 கிலோமீட்டர் பயணம் செய்கிறவர்களுக்கு அது வேறாக இருக்கும்.

அதைவிட முக்கியமானது, சாவை எப்படி எண்ணுகிறீர்கள் என்பது. நம் மருத்துவமனைகளில் நிலைமை கைமீறினால் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பதிவேட்டில் அது "மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றார்" என்றிருக்கும். அவரை உயிருடன் வெளியேறியவர் என்று எண்ணினால், மிக மோசமான நோயாளிகள் எல்லாம் பிழைத்தவர் கணக்கில் சேர்ந்து, நல்ல ஸ்கோர்கூட உதவாததாகத் தெரியும். வேறு மருத்துவமனைக்கு அனுப்பியவர்களுக்கும் இதே கதி. சேரும்போதே இரண்டு தொலைபேசி எண்கள் வாங்கி வையுங்கள், ஒன்று நோயாளி வீட்டில் இல்லாத உறவினருடையது. 30-ஆம் நாளும், சிரோசிஸ் என்றால் 42-ஆம் நாளும் அழையுங்கள்.

வேறு காரணத்துக்காக வார்டில் படுத்திருந்து, அங்கே ரத்தம் கக்கியவர்களைத் தனியாக எண்ண வேண்டும். பிரிட்டனின் 2007 தணிக்கையில் ரத்தப்போக்கோடு புதிதாக வந்தவர்களில் 7% இறந்தார்கள், வார்டில் இருந்தபோது ரத்தம் கக்கியவர்களில் 26%. இரண்டையும் கலந்தால் எந்த ஸ்கோரும் அழகாகத் தெரியும், ஆனால் அது ஸ்கோரின் திறமை இல்லை.

200 பேரை வைத்து நன்றாகச் செய்யக்கூடிய தீசிஸ் ஒன்று உண்டு. பிளாட்ச்ஃபோர்டு 0 அல்லது 1 உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஏதாவது சிகிச்சை தேவைப்பட்டது? அல்லது பிளாட்ச்ஃபோர்டு 7-ஐத் தாண்டியவர்களில் எண்டோஸ்கோபி சிகிச்சை எத்தனை பேருக்கு நடந்தது? சிகிச்சை என்பது சாவைவிடப் பல மடங்கு அடிக்கடி நிகழ்வது, எண்ணிக்கை போதும்.

---

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. இறப்பு ஸ்கோர் அதிகம் என்று தெரிந்தபின் நாங்கள் மாற்றிச் செய்ய வேண்டியது என்ன? எண்டோஸ்கோபியை விரைவுபடுத்துவதா? டிரானெக்ஸா (ரத்தக் கட்டி கரையாமல் தடுக்கும் மருந்து) ஊசி எல்லோருக்கும் போடுகிறார்கள், அது தொடரலாமா? அட்டையின் புது வரைவு: மேலே பிளாட்ச்ஃபோர்டு, முடிவு "வீடு / இங்கே / மாற்றம்". கீழே முன்-ராக்கால். அல்புமின் வந்ததும் ஏபிசி. சிரோசிஸ் என்றால் பின்பக்கம்.

---

குடல்நோய்ப்பிரிவு:

டிரானெக்ஸாவை நிறுத்துங்கள். 12,009 பேரை வைத்து நடந்த ஹால்ட்-இட் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ரத்தப்போக்கால் ஐந்து நாளில் இறந்தவர்கள் இரு பக்கமும் 4% தான். கால் சிரையிலும் நுரையீரலிலும் ரத்தக் கட்டி வருவதோ 0.4%-இலிருந்து 0.8% ஆனது.

எண்டோஸ்கோபியை முந்தச் செய்வதும் உதவவில்லை. பிளாட்ச்ஃபோர்டு 12-ஐத் தொட்ட 516 பேரை ஹாங்காங்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நிபுணர் பார்த்த 6 மணி நேரத்துக்குள், இன்னொன்றுக்கு 6 முதல் 24 மணிக்குள் என்று செய்தார்கள். 30 நாள் இறப்பு 8.9%, 6.6%. அவசரம் காட்டியதில் ஆதாயம் இல்லை. அதனால் ஷாக்கில் இருப்பவரை ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் இரண்டு பெரிய ஊசிவழி, குறுக்குப் பொருத்தம் பார்த்த ரத்தம், பிபி 90-க்கு மேல், இவற்றை முடியுங்கள். தொடர்ந்து திரவம் கொடுத்தும் பிபி நிற்காதவர் மட்டும் விதிவிலக்கு, அவரை ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அனுப்ப வேண்டும். ரத்தம் ஏற்றும் வரம்பு 7, இதய நோய் உள்ளவருக்கு 8.

அபாயம் அதிகம் என்று தெரிந்தவருக்கு மாற வேண்டியது கவனிப்பின் இடமும் அடர்த்தியும்தான். மணிக்கணக்கில் சிறுநீர் அளவு, நுரையீரலில் நீர் சேராமல் ரத்தத்தை மெதுவாக ஏற்றுவது, நினைவு மங்கி ரத்தம் கக்குபவருக்கு எண்டோஸ்கோபிக்கு முன் சுவாசக்குழாய், முதல் 72 மணி நேரம் மறுபடி ரத்தம் வருகிறதா என்ற கண்காணிப்பு. இதய நோயாளியின் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு மறந்துபோவது இன்னொரு கொலைக் காரணம். எண்டோஸ்கோபியில் ரத்தத்தை நிறுத்திய பிறகு 156 பேருக்கு ஆஸ்பிரினைத் தொடர்வதா, போலி மாத்திரையா என்று பார்த்த ஹாங்காங் ஆய்வில், தொடர்ந்தவர்களுக்கு மறு ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம், 5.4%-க்கு எதிராக 10.3%. ஆனால் எட்டு வாரத்தில் இறந்தவர்கள் தொடர்ந்தவர்களில் 1.3%, நிறுத்தியவர்களில் 12.9%. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்து அதற்காக ஆஸ்பிரின் எடுப்பவருக்கு, ரத்தம் நின்றபின் கூடிய சீக்கிரம், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் அதைத் திரும்பத் தொடங்குங்கள். மாற்றக் கடிதத்தில் "ஆஸ்பிரின் நிறுத்தப்பட்ட தேதி" என்று எழுதிவிட்டால் அடுத்த மருத்துவர் மறக்க மாட்டார்.

கையெழுத்து வாங்கும் தாளில் சதவீதம் வேண்டாம். ஏபிசி 8 என்றால் நான்கில் ஒருவர் இறக்கலாம், மூன்று பேர் பிழைப்பார்கள். அந்த மூன்று பேரின் குடும்பமும் தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. "வயதும் இதயமும் சேர்ந்து இவருக்கு ஆபத்து அதிகம், அதனால் கூடுதல் கவனிப்புள்ள இடத்துக்கு மாற்றுகிறோம்" என்று வாயால் சொல்லுங்கள்.

வரைவு நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம்: ஒவ்வொரு ஸ்கோருக்குப் பக்கத்திலும் நேரம் எழுத ஒரு கட்டம் விடுங்கள், சலைன் எத்தனை லிட்டர் போன பிறகு எடுத்த சாம்பிள் என்பதையும் சேர்த்து.

---

லேப்வாசல்:

அந்தக் கட்டத்தில் "யூரியா / பியூஎன்" என்று இரண்டையும் அச்சடித்து, எது என்று வட்டமிடச் சொல்லுங்கள். வெளி லேப் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள்.